ஜில்லா என்பது முதலில் ஒரு கணக்குப் புத்தகம்

"வெள்ளைக்காரன் மேப்பை விரித்தான், கோடு போட்டான், ஜில்லா பிறந்தது." கம்பெனி ஆட்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாக்கியமும் வந்துவிடும். கூடவே இன்னும் மூன்று வரும்: சென்னை மாகாணம் 1639-லேயே தொடங்கிவிட்டது, தாலுகா ஆங்கிலேயர் கண்டுபிடிப்பு, அன்றைய கலெக்டரும் இன்றைய மாவட்ட ஆட்சியரும் ஒன்றே. நான்குமே தவறு. ஊர் வரலாறு எழுதுபவர்களும் கோயில் ஆவணம் படிப்பவர்களும் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் புரட்டுபவர்களும் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த நான்கில்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி தமிழகத்தில் கால் வைத்த நாளிலிருந்து ஏறக்குறைய 1820 வரை அதன் நிர்வாகப் பிரிவுகள் எப்படி உருவாயின என்பதை முன்பின் தெரியாதவர்களுக்கும் புரியும்படி இங்கே பார்க்கலாம்.

லைன் என்றால் என்ன?

வார வசூல் செய்யும் பைனான்ஸ்காரர்கள் "இது என் லைன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். லைன் என்றால் தெரு என்று அர்த்தமில்லை. ஒரே தெருவில் நான்கு வீடு ஒருவர் லைனில் இருக்கும், மூன்று வீடு இன்னொருவர் லைனில் இருக்கும், மீதி வீடுகள் யாருக்கும் பாக்கி இல்லாமல் நிம்மதியாக இருக்கும். லைனை மேப்பில் வரைய முடியாது. ஒரு நோட்டில் பெயர், தொகை, தவணை என்று எழுதத்தான் முடியும். அந்த நோட்டை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். ஒரு ஆளால் சமாளிக்க முடியாவிட்டால் இரண்டு நோட்டாகப் பிரித்து இரண்டு பேரிடம் கொடுக்கலாம்.

இப்போது அந்த வசூல்காரர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவிலுள்ள எல்லா வீடுகளையும் தன் நோட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு லைனும் தெருவும் ஒன்றாகிவிடும். அதன் பிறகு வருகிற ஆளுக்கு அது எப்போதும் தெருவாகவே இருந்தது போலத் தோன்றும்.

கம்பெனியின் ஜில்லா பிறந்த கதை இதுதான். நோட்டு முன்னால் வந்தது, எல்லைக்கோடு பின்னால் வந்தது.

பண்டகசாலையிலிருந்து பிரசிடென்சி வரை

கம்பெனிக்கு இங்கிலாந்து அரசி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31 அன்று. சோழமண்டலக் கரையில் அதன் முதல் முக்கியக் கிளை 1611-ல் மசூலிப்பட்டணத்தில் அமைந்தது. இந்தக் கிளைகளை ஆங்கிலத்தில் ஃபாக்டரி என்றார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் புகைபோக்கி நினைவுக்கு வருகிறது. அன்று ஃபாக்டர் என்றால் முதலாளி சார்பாகச் சரக்கு வாங்கி விற்கும் காரியஸ்தர். அவர் தங்கி, துணி மூட்டைகளை அடுக்கி, கணக்கு எழுதிய இடமே ஃபாக்டரி. தமிழில் பண்டகசாலை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

1639 ஆகஸ்டில் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே பெற்ற அனுமதியும் இப்படி ஒரு பண்டகசாலைக்கானதுதான். கரையோரம் ஒரு துண்டு மணல், அதில் கோட்டை கட்டிக்கொள்ள இசைவு. தொடக்க காலத்தில் சென்னைக் கிளை ஜாவாத் தீவின் பாண்டம் நகரிலிருந்த தலைமைக்குக் கட்டுப்பட்டது. அதாவது இன்றைய இந்தோனேசியாவிலிருந்து உத்தரவு வந்துகொண்டிருந்தது.

பல பண்டகசாலைகளைச் சேர்த்து ஒரு தலைமைப் பண்டகசாலை கவனிக்கும். அதன் தலைவர் தனியாக முடிவெடுக்க மாட்டார், கவுன்சிலோடு சேர்ந்து எடுப்பார். கவுன்சிலில் ஒருவருக்குக் கணக்கு, ஒருவருக்குக் கிடங்கு, ஒருவருக்குச் சுங்கம் என்று பொறுப்பு பிரிந்திருக்கும். இந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவரை பிரசிடென்ட் என்றார்கள். அவருக்குக் கீழ்ப்பட்ட கிளைகள் மொத்தமும் பிரசிடென்சி. சென்னை 1652-ல் இந்த நிலைக்கு உயர்ந்தது, சில ஆண்டுகளில் கீழே இறக்கப்பட்டது, 1684-ல் மீண்டும் உயர்ந்தது. ஒரு மாகாணத்தை இப்படி ஏற்றி இறக்க முடியாது. கம்பெனி தன் கிளையின் கிரேடை மாற்றியது, அவ்வளவே.

ஆக, 1684-ல் பிரசிடென்சியின் பொருள், லண்டன் இயக்குநர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதும் தலைமைக் கிளையும் அதன் துணைக் கிளைகளும். அதன் "எல்லைக்குள்" நிலம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. பின்னாளில் இதைத் தமிழில் ராஜதானி என்று மொழிபெயர்த்தார்கள். குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்த மொழிபெயர்ப்புதான். ராஜதானி என்றதும் மனம் ராஜாவையும் நாட்டையும் தேட ஆரம்பித்துவிடுகிறது.

குண்டு விழுந்த இடம் வரை

நிலம் வந்து சேர்ந்த விதம் இன்னும் சுவாரஸ்யம். 1690-ல் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை என்பது ஒப்பந்தம். பெரிய பீரங்கி ஒன்றைப் பல திசைகளிலும் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரத்துக்கு உட்பட்ட ஊர்கள் கடலூர் பட்டணம் உட்பட கம்பெனிக்குச் சேர்ந்தன. அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. புனித டேவிட் கோட்டை என்று கம்பெனி பெயர் வைத்த இடம் இதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது சுட்டதை அல்ல. குண்டு எங்கோ ஒரு வயலில் விழுந்தாலும் கைமாறியது ஊர் ஊராகத்தான். அந்த ஊரின் வரி இனிமேல் யாருக்கு என்பதே கேள்வி. சென்னையிலும் அப்படியே: 1693-ல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை, 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. ஒவ்வொன்றும் அதனதன் எல்லை, கணக்கு, வரியோடு வந்தது. கம்பெனி அந்த ஊர்களைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டது.

புதுச்சேரியின் மேப்பை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே தீவு தீவாகப் புதுச்சேரி ஊர்கள் கிடக்கும். கிராமம் கிராமமாகக் கைமாறிய காலத்தின் தடம் அது. கோடு போட்டுப் பிரித்திருந்தால் யாரும் அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஜாகீர், சர்க்கார்: உரிமை மட்டும்

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்கள் வந்தபோது கம்பெனிக்குக் கிடைத்தது பெரிய பெரிய தொகுதிகள். அப்போதும் நிலம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை, உரிமை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி, செங்கல்பட்டுப் பகுதியை ஜாகீராகக் கொடுத்தார். ஜாகீர் என்றால் ஒரு பகுதியின் வரி வருமானத்தை ஒருவர் அனுபவிக்கக் கொடுக்கும் ஏற்பாடு. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அதே நவாபுக்கே அதைத் திருப்பிக் குத்தகைக்கு விட்டது. 1780 வரை இப்படியே ஓடியது. தானமாகக் கொடுத்த மாட்டை வாடகைக்குப் பிடித்துக் கறப்பது போல. ஆனாலும் நடுவில் கம்பெனி ஒரு காரியம் செய்தது. 1767 முதல் 1774 வரை பர்னார்ட் என்ற பொறியாளரை வைத்து ஜாகீரின் இரண்டாயிரம் சொச்சம் ஊர்களையும் கணக்கெடுத்தது. ஊருக்கு எத்தனை வீடு, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, ஏரி எத்தனை, மானியம் யாருக்கு. சொந்தமாக வசூல் செய்யத் தொடங்கும் முன்பே நோட்டு தயாராகிவிட்டது.

வடக்கே ஆந்திரக் கரையில் 1765-ல் முகலாயப் பேரரசரின் பர்மான் (அரசாணை), 1766-ல் நிஜாமுடன் ஒப்பந்தம் என்று வட சர்க்கார்கள் வந்தன. சர்க்கார் இங்கே அரசாங்கத்தைக் குறிக்காது, முகலாயக் கணக்கில் சுபா என்ற பெரும்பிரிவுக்கு அடுத்த பிரிவைக் குறிக்கும். மொத்தம் 5 சர்க்கார்கள். அவற்றில் குண்டூர் மட்டும் 1788-ல்தான் கம்பெனி கைக்கு வந்தது. அங்கே கலெக்டர்கள் உடனே வரவில்லை. மசூலிப்பட்டணம், விசாகப்பட்டணம், கஞ்சம் பண்டகசாலைகளின் தலைவரும் கவுன்சிலுமே வரியையும் பார்த்தார்கள். காலையில் துணி பேரம், மாலையில் ஜமீன்தாரிடம் வரி பேரம். சரக்குக் கணக்கும் வரிக் கணக்கும் ஒரே ஆட்கள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. 1794-ல் அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டுக் கலெக்டர்களைப் போட்டார்கள்.

இதுவரை பார்த்ததில் இரண்டு ஏணிகள் இருக்கின்றன. பண்டகசாலையும் பிரசிடென்சியும் வியாபார ஏணி. ஜாகீர், சர்க்கார், கிராமம் ஆகியவை வரி ஏணி, முந்தைய அரசுகள் செய்து வைத்தது. கம்பெனி முதல் ஏணியின் உச்சியை இரண்டாவது ஏணியின் மேல் கொண்டுபோய் மாட்டியது. மாட்டிய இடத்தில் உட்கார்ந்தவர்தான் கலெக்டர்.

கலெக்டர்: ஊர் இல்லாத அதிகாரி

கலெக்டர் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் வசூல் செய்பவர். தாசில்தார் என்பதும் அதேதான்: தாசில் என்றால் வசூல். ஒருவர் ஆங்கிலத்தில் வசூல்காரர், அவருக்குக் கீழே இருப்பவர் பாரசீகத்தில் வசூல்காரர். ஆட்சியர் என்ற இன்றைய சொல் இதை முழுக்க மறைத்துவிடுகிறது. சென்னையில் 1786-ல் வருவாய் வாரியம் ஏற்பட்டது. எல்லாக் கலெக்டர்களும் அதற்குத்தான் கணக்கு அனுப்ப வேண்டும், பதில் சொல்ல வேண்டும்.

ஆரம்பக் கலெக்டர் எப்படி இருந்தார் என்பதற்கு ஜாக்சனைவிட நல்ல உதாரணம் இல்லை. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனைச் சந்தித்த அதே ஜாக்சன்தான். அவரைத் திருநெல்வேலிக் கலெக்டர் என்றோ ராமநாதபுரம் கலெக்டர் என்றோ எழுதிவிடுகிறார்கள். அவருடைய பொறுப்பு தெற்கத்திப் பாளையக்காரர்களின் பேஷ்குஷ் வசூல். பேஷ்குஷ் என்றால் பாளையக்காரர் ஆண்டுதோறும் மேலிடத்துக்குச் செலுத்தும் திறை. 1792 ஒப்பந்தப்படி அதை நவாபுக்குப் பதிலாகக் கம்பெனியே நேரடியாக வாங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

அந்தப் பதவிப் பெயரில் ஊர் இல்லை. பட்டியல் மட்டும் உண்டு: இன்னின்ன பாளையம், இவ்வளவு தொகை, இவ்வளவு பாக்கி. பாஞ்சாலங்குறிச்சி அந்தப் பட்டியலில் ஒரு வரி. ஒரு பாளையத்துக்கும் அடுத்த பாளையத்துக்கும் நடுவில் நவாபின் நேரடி ஊர்கள் இருந்தன, அவை ஜாக்சன் நோட்டில் இல்லை. அங்கே நவாபின் அமில்தார் வசூல் செய்தார். முதலில் சொன்ன லைன் இதுதான். ஒரே தெரு, இரண்டு வசூல்காரர்கள். பாளையக்காரர்களுக்கும் கம்பெனிக்கும் எழுந்த தகராறுகளில் எந்த ஊர் யார் கணக்கில் என்பது திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தக் கலப்பே ஒரு காரணம்.

ஒன்பது வருடத்தில் நிரம்பிய நோட்டு

1792-க்கும் 1801-க்கும் இடைப்பட்ட ஒன்பது வருடங்களில் நிலைமை தலைகீழானது. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்), சேலம், திண்டுக்கல், மலபார் வந்தன. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோயம்புத்தூரும் கன்னடக் கரைப் பகுதியும் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தஞ்சாவூர் மராத்திய மன்னர் சரபோஜி நிர்வாகத்தை விட்டுக்கொடுத்தார். 1800-ல் நிஜாமிடமிருந்து பெல்லாரி, கடப்பைப் பக்கம். 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் நவாப் ஆற்காட்டு சுபா முழுவதையும் ஒப்படைத்தார். நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு என்று பேச்சு. தஞ்சாவூர் மன்னருக்கும் இதே ஐந்தில் ஒரு பங்கு உண்டு, அதன் மேல் ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும் (அன்றைய பொன் நாணயம்) உண்டு.

ஒவ்வொரு துண்டும் வந்த வடிவத்திலேயே ஜில்லாவானது. இன்றைக்கும் பலருக்கு விளங்காத ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: தென் ஆற்காடு. ஆற்காடு நகரம் அதில் இல்லை, தலைநகரோ கடலூர். அப்புறம் எப்படி இந்தப் பெயர்? நவாபின் ஆற்காட்டு சுபாவைக் கம்பெனி எடுத்தபோது அதன் வட பிரிவு, தென் பிரிவு என்று இரண்டு நோட்டு போட்டார்கள். அந்த நோட்டின் தலைப்புதான் ஜில்லாவின் பெயராக நின்றுவிட்டது. வட ஆற்காட்டுக்கும் வெகுகாலம் தலைநகர் சித்தூர்தான்.

நோட்டு ஆளைப் பொறுத்தது என்பதற்கும் சான்று உண்டு. பாராமகாலைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீட் கையில் கொடுத்தபோது அவர் அதை மூன்றாகப் பிரித்து கிரகாம், மன்றோ, மெக்லியட் என்ற மூன்று உதவியாளர்களிடம் கொடுத்தார். நால்வரும் பட்டாளத்துக்காரர்கள். மொழி தெரிந்த சிவில் ஊழியர்கள் சென்னையில் கிடைக்கவில்லை என்பதே காரணம். நிஜாம் கொடுத்த பகுதி முழுவதற்கும் மன்றோ முதன்மைக் கலெக்டர், அவருக்குக் கீழே 4 துணைக் கலெக்டர்கள். மன்றோ 1807-ல் ஊருக்குப் போனார், 1808-ல் அந்தப் பகுதி பெல்லாரி, கடப்பை என்று இரண்டாகிவிட்டது. நிலம் மாறவில்லை, ஆறு திசை திரும்பவில்லை. ஒரு ஆள் போனார், நோட்டு இரண்டானது.

ஜில்லாவுக்குள்ளே: மேலிருந்து கீழே

மேலே கலெக்டரின் தலைமைக் கச்சேரி. இதை ஹுசூர் கச்சேரி என்றார்கள். கச்சேரி என்றால் அலுவலகம், பாட்டுக் கச்சேரி அல்ல. இங்கே கலெக்டருக்கு அடுத்து செல்வாக்கு சிரஸ்தாருக்கு, அதாவது கணக்குகளின் தலைமை உள்நாட்டு அதிகாரிக்கு. கலெக்டர் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போவார், சிரஸ்தார் இருப்பார். யார் கையில் நோட்டு இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். பல கச்சேரிகளில் கணக்கு மராத்தியில் எழுதப்பட்டது. கலெக்டருக்கு ஆங்கிலம், கச்சேரிக்கு மராத்தி, ஊர்க் கணக்குப்பிள்ளைக்குத் தமிழ். ஒரே தொகை மூன்று மொழியில் பயணம் செய்தது. வித்தியாசம் வந்தால் எந்த இடத்தில் வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அடுத்தது தாலுகா. அரபு மூலத்தில் இதற்குத் தொடர்பு, சார்ந்திருப்பது என்று பொருள். அதாவது இன்ன கச்சேரியைச் சார்ந்த ஊர்கள். ஜில்லா என்ற சொல்லும் அரபுதான், விலாப் பக்கம் என்பது அதன் மூலப்பொருள். இந்தச் சொற்கள் நவாப், மராத்தியர், மைசூர் கச்சேரிகளில் ஏற்கெனவே புழங்கியவை. கம்பெனி பெயரை மாற்றவில்லை, ஆளையும் அனேகமாக மாற்றவில்லை. தாலுகாவின் தலைவர் தாசில்தார். ஊர்களிலிருந்து வரும் பணம் அவருடைய கஜானாவில் சேரும். சராப்பு நாணயத்தைத் தட்டிப் பார்த்து, தேய்ந்ததற்கு வட்டம் பிடித்து, மூட்டையில் முத்திரை வைத்து, சேவகர் காவலோடு ஹுசூருக்கு அனுப்புவார். வட்டம் என்றால் நாணய மாற்றில் கழிக்கும் தள்ளுபடி. குடியானவருக்கு நஷ்டம் வரி விகிதத்தில் வந்ததைவிட இந்த வட்டத்தில் வந்தது சில ஊர்களில் அதிகம் வலித்திருக்கும்.

தாலுகாவுக்குக் கீழே பிர்கா, மேற்பார்வைக்குத் தோதான ஊர்த் தொகுப்பு. தஞ்சாவூரில் மட்டும் மராத்தியர் காலத்துப் பிரிவு வேறு: நாடு 5 சுபாக்கள், அவற்றுக்குள் சீமைகள், அதற்கும் கீழே சில ஊர்கள் சேர்ந்த மாகாணங்கள். ஆம், மாகாணம் அங்கே பிர்கா அளவுக்குச் சிறியது. பிற்காலத்தில் அதே சொல் சென்னை மாகாணம் என்று மொத்தப் பகுதிக்கும் ஏறிவிட்டது. தஞ்சை ஆவணத்தில் மாகாணம் என்று கண்டால் அவசரப்பட்டு மாநிலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியில் கிராமம். இது குடியிருப்பைக் குறிக்காது. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, ஏரி, குடியிருப்பு எல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு அலகு. அதற்குள் தனியாக இருக்கும் சிறு குடியிருப்பு மஜரா. மஜராவுக்குத் தனிக் கோயில், தனிக் குளம் இருக்கலாம், தனிக் கணக்கு இருக்காது. ஊரில் வசூலுக்கு மணியகாரர், எழுத்துக்குக் கணக்குப்பிள்ளை, காவலுக்கும் தகவலுக்கும் தலையாரி. கணக்குப்பிள்ளை எழுதிய ஓலைகளில் அடங்கல் என்பது நிலவாரியாகப் பயிர்க் கணக்கு, சிட்டா என்பது ஆள்வாரியாக நிலக் கணக்கு. வருடம் முடியும்போது இந்தக் கணக்குகளைக் கலெக்டர் சரிபார்த்து, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவு செய்வது ஜமாபந்தி. இன்றும் ஆண்டுதோறும் தாலுகா ஆபீசில் நடக்கிற அதே ஜமாபந்திதான்.

பணம் கீழிருந்து மேலே போகிறது, உத்தரவு மேலிருந்து கீழே வருகிறது, இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு பிரிவின் பெயர். இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே.

எங்கெல்லாம் சிக்கியது

முதல் சிக்கல் மிட்டா. 1802-ல் வங்காளத்து மாதிரியில் நிரந்தர வரித்திட்டத்தைச் சென்னையிலும் கொண்டுவந்தார்கள். பெரிய பாளையங்களும் பழைய ஜமீன்களும் அப்படியே ஜமீன்தாரி ஆயின. ஜமீன்தாரே இல்லாத செங்கல்பட்டு, சேலம் போன்ற இடங்களில் என்ன செய்வது? சில ஊர்களைச் சேர்த்துச் சேர்த்துப் புதுத் தொகுதிகளாகக் கட்டி ஏலம் விட்டார்கள். அந்தத் தொகுதி மிட்டா, எடுத்தவர் மிட்டாதார். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகையை உச்சத்தில் நிரந்தரமாக நிர்ணயித்துவிட்டார்கள். மழை பொய்த்த வருடமும் அதே தொகை. மிட்டாதாருக்கு ஊரில் வேரும் இல்லை, கையில் முதலும் இல்லை. பாக்கி விழுந்தது, மிட்டா ஏலத்துக்கு வந்தது, வாங்க ஆள் இல்லாமல் பல மிட்டாக்கள் கம்பெனியிடமே திரும்பின. கம்பெனி உண்மையிலேயே கோடு போட்டு உருவாக்கிய பிரிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது மிட்டாதான். தங்காமல் போனதும் அதுதான்.

அடுத்து 1808 முதல் கிராமக் குத்தகை: ஒரு ஊரின் வரி மொத்தமும் ஊர்ப் பெரியவர்களிடம் மூன்று வருடத்துக்கு, பிறகு பத்து வருடத்துக்கு. விளைச்சல் கெட்டால் குத்தகைதாரர் சிக்கினார், நல்ல வருடத்தில் எளிய குடியானவர் சிக்கினார். கடைசியில் மன்றோ கவர்னராக வந்த 1820-ல் ரயத்துவாரி பொது முறையானது: ஒவ்வொரு குடியானவருக்கும் தனிப் பட்டா, தனி வரி. இதற்கு ஊர் அளவு போதாது, வயல் அளவு வேண்டும். அளவையே ஊருக்கு ஊர் வேறு. செங்கல்பட்டில் காணி என்றால் சுமார் 1.32 ஏக்கர். தஞ்சாவூரில் வேலி என்றால் சுமார் 6.6 ஏக்கர், அதாவது ஐந்து காணி. மன்றோ தன் பகுதியை அளந்தபோது 33 அடிச் சங்கிலியைப் பயன்படுத்தினார். ஒரு சங்கிலிச் சதுரம் 1,089 சதுர அடி, அப்படி 40 சேர்ந்தால் துல்லியமாக ஒரு ஏக்கர்.

மூன்றாவது சிக்கல், ஒரே சொல்லுக்கு இரண்டு எல்லை. 1802-ல் ஜில்லா நீதிமன்றங்கள் வந்தபோது நீதிபதியே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார், கலெக்டருக்கு வசூல் மட்டும். நீதிபதியின் ஜில்லா கலெக்டரின் ஜில்லாவோடு எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. 1816-ல் இதைத் திருப்பினார்கள்: மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீசும் கலெக்டருக்குப் போயின, தாசில்தார் தாலுகாவின் போலீஸ் தலைவரும் ஆனார், ஊர்த் தலைவருக்குச் சில்லறை வழக்கு தீர்க்கும் உரிமை கிடைத்தது. வசூல்காரர் ஆட்சியரான ஆண்டு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் 1816-ஐக் காட்டலாம். அதுவரை நோட்டாக இருந்தது அதற்குப் பிறகுதான் நாடு மாதிரி நடக்கத் தொடங்கியது.

பழைய காகிதத்தைப் படிக்கும்போது

ஒரு மாதிரி வரி: "தென் ஆற்காடு ஜில்லா, சிதம்பரம் தாலுகா, இன்ன கிராமம் மஜரா இன்னது, பசலி 1225, வராகன் 12 பணம் 21."

பசலி என்பது வரிக் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டினால் அந்தக் கணக்கு தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும்: 1225-க்கு 1815. பசலி அன்று ஆடி மாதத்தில் தொடங்கியது, 1855-ல்தான் ஜூலை 1 ஆனது. எனவே இந்தக் கணக்கு 1815 ஜூலை நடுவிலிருந்து 1816 ஜூலை நடுவரை. ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எடுத்துக்கொண்டால் ஒரு அறுவடை இடம் மாறிவிடும்.

பணத்தில் 1 வராகனுக்கு 42 பணம், 1 பணத்துக்கு 80 காசு. 1 வராகன் கம்பெனி கணக்கில் மூன்றரை ரூபாய். ஆகவே 12 வராகன் 21 பணம் என்பது பன்னிரண்டரை வராகன், 43 ரூபாய் 12 அணா. 1818-ல் சென்னையில் ரூபாய் பொது நாணயமானது, அதற்குப் பிந்தைய காகிதத்தில் வராகன் வந்தால் பழைய கணக்கிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். எண்கள் தமிழில் இருந்தால் 1225 என்பது ௲௨௱௨௰௫ என்று நிற்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. இடையில் ௰-ஐ விட்டுவிட்டுப் படிப்பவர்கள் ஆண்டைத் தவறவிடுவதுண்டு.

ஊரைத் தேடும்போது ஜில்லாவிலிருந்து கீழே இறங்காதீர்கள். ஜில்லா பெயர் மாறியிருக்கும், தாலுகா இரண்டு மூன்று முறை பிரிந்திருக்கும், பிர்கா காணாமலே போயிருக்கும். கிராமத்திலிருந்து மேலே ஏறுங்கள், அதன் கணக்கு எல்லை மற்றவற்றைப் போல அடிக்கடி ஆடுவதில்லை. கிராமப் பெயரே அகப்படவில்லை என்றால் பக்கத்து ஊர்களின் மஜராப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தேடும் ஊர் அங்கே வேறொரு ஊரின் கணக்குக்குள் இருக்கும்.